சனிக்கிழமை பதினொரு மணி ஏலம்

நியூசிலாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீதிக்காரர் பயந்து ஒதுங்கியது ஒரே ஒரு ஆளைக் கண்டுதான். அது எங்கள் பக்கத்து வீட்டம்மா. எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, செத்துப்போன புருஷனின் கம்பளிச் சட்டை, கையில் எந்நேரமும் ரோசாச்செடி வெட்டும் கத்தரி. தங்கமான மனிசி. ஆனால் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. ஊர்வம்பு என்றாலாவது நின்று கேட்கலாம். அவர் சொல்வதெல்லாம் அந்த வீதியின் சரித்திரம். எந்த வீட்டை யார் கட்டினார்கள், எந்த மரத்தை யார் நட்டார்கள், எந்தப் புகைக்கூண்டு எந்தக் காற்றுக்கு விழுந்தது என்று ஆரம்பித்தால், கேட்பவர் கையில் இருக்கும் பால் திரைந்துபோகும். தபால்காரர் அவருடைய கடிதங்களைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ஓட்டம் பிடிப்பதை நானே கண்டிருக்கிறேன்.

நானும் ஓடியிருக்கிறேன். பொய் ஏன் சொல்வான்? சமையலறை ஜன்னலுக்குக் கீழே குனிந்து இருந்துவிட்டு, அவர் போன பிறகு எழும்பி உடுப்புக் காயப்போட்ட நாட்கள் உண்டு. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது எனக்கு வேலை இல்லை. கணவர் விடிய எழும்பிப் பென்ரோஸுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு பண்டகசாலையில் லொறிக்குச் சாமான் ஏற்றும் வேலை. ஊரில் அரசாங்கக் கந்தோரில் வீட்டுப் படம் கீறிய கை அது. மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பிறகு அந்தப் பெரிய மரவீட்டில் நானும், கூரைத் தகரம் வெயிலுக்கு வெடிக்கிற சத்தமும்தான். பேச ஆள் இல்லாமல் வாய் புளித்துப்போய், ஒருநாள் நானாகவே கறுப்புக் கல்மதிலடிக்குப் போய் நின்றேன். அவ்வளவுதான், மாட்டுப்பட்டேன்.

முதல் வருஷம் எனக்கு விளங்கியது பாதி. மீதிக்கு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். மெல்ல மெல்லத்தான் எல்லாம் பிடிபட்டது. எங்களுக்குப் பின்னால் நிற்கும் மலை முந்தி இன்னும் உயரமாம். றெயில் பாதைக்குக் கல் வேண்டும் என்று வெட்டி வெட்டித் தலையைச் சப்பையாக்கிவிட்டார்களாம். அந்த மலை ஒரு காலம் எரிமலை. அது கக்கிய கல்லைத்தான் பொறுக்கி அடுக்கி எல்லா வீட்டுக்கும் மதில் கட்டியிருக்கிறார்கள். முதலில் இங்கே மாட்டுப் பண்ணைகள். பிறகு நகரத்திலிருந்து டிராம் வந்தது. டிராம் வந்ததும் பண்ணைகளைத் துண்டு துண்டாக வெட்டி விற்று, மரவீடுகளைக் கட்டி, இந்த வீதி உண்டானது.

நாங்கள் இருந்த வீட்டில் முந்தி ஒரு டிராம் ஓட்டுநர் குடும்பம் இருந்ததாம். டிராம் ஓட்டத்தை நிறுத்தியபோது, உடைக்கப்போன வண்டி ஒன்றின் ஜன்னல்களை அந்த மனிதர் வாங்கிவந்து பின்பக்கத்தில் ஒரு வெயில் அறை கட்டினாராம். மழைநாளில் அந்த அறையில் இருந்தால் வீடு எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். மகள் அங்கே இருந்துதான் பாடம் எழுதுவாள். நான் அங்கே இருந்துதான் மரக்கறி வெட்டுவேன். ஒரு கண்ணாடியில் "எச்சில் துப்பாதே" என்று ஆங்கிலத்தில் எழுதியது அரைகுறையாக அழிந்து கிடந்தது. பக்கத்து வீட்டம்மா சொல்லும்வரை அது டிராம் கண்ணாடி என்று எனக்குத் தெரியாது.

மற்றப்படி அது ஒரு அமைதியான, சோலி சுரட்டு இல்லாத வீதி. சனிக்கிழமை காலை என்றால் இரண்டு பக்கமும் புல்வெட்டும் மெசின் இரையும். ஒருவர் நிறுத்த மற்றவர் தொடங்குவார். மூலையில் ஒரு குஜராத்திக் குடும்பத்தின் கடை, அங்கே அதை டெய்ரி என்பார்கள். பால், பாண், பேப்பர், முகம் சுளிக்காத ஒரு சிரிப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரே செத்த மாதிரி. நான் கருவாடு பொரித்த ஒரு ஞாயிறு, எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து தன் வீட்டு வடிகாலைக் குனிந்து குனிந்து பார்த்தார். பாவம் மனிசன், அன்று முழுக்க அவருக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகு எனக்கும் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. விடிய றெயில் ஏறி, நியூமார்க்கெட்டில் இறங்கி மாறி, பின்னேரம் அதே வழியால் திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கினால், மலையைக் கண்டதும் மனம் ஆறும். வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று என்னை அறியாமல் நினைக்கத் தொடங்கியிருந்தேன். அங்கேதான் வினை பிடித்தது.

ஒரு தை மாதம் வீட்டின் சொந்தக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டை விற்கப்போகிறேன், ஏலத்தில் விடப்போகிறேன் என்றார். அவர் தெற்கே வேறு ஊரில் இருந்தவர். நல்ல மனிதர்தான். "உங்களுக்கு விருப்பம் என்றால் நீங்களும் வந்து கேளுங்கள்" என்றார். சொந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு, வா வந்து ஏலம் கேள் என்று எனக்கே அழைப்பு!

கலியாணம் கட்டிய நாளிலிருந்து பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே என் சீவியம் போனது. ஊருக்குள்ளேயே எத்தனை இடம், கொழும்பில் எத்தனை அறை, இங்கே வந்த பிறகும் சொந்தக்காரர் வீட்டுக் கராஜில் கொஞ்சக் காலம். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வீட்டை விட்டு இனி நான் அசையமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மகளும் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கத்தினாள்: "ஐ ஆம் நாட் மூவிங், அம்மா! யூ கேன் மூவ்!" வங்கிக்குப் போனோம். இவ்வளவுதான் மோர்ட்கேஜ் தருவோம், இதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று ஒரு எல்லை சொன்னார்கள். அந்த எல்லைக்குள் வீடு அகப்பட்டால் எங்களுக்கு, இல்லாவிட்டால் திரும்பவும் பெட்டி.

ஏலம் மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டு முன்புல்லிலேயே.

இப்போது என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதிர்ந்து பேசாத மனிதர். குடி இல்லை, கூத்து இல்லை. ஒரே ஒரு பிடிவாதம், இராகுகாலம். ஊரில் எல்லோரும் பார்ப்பதுதான், நானும் பார்ப்பேன். ஆனால் இவர் பார்ப்பது ஒரு தினுசு. திங்கட்கிழமை காலையில் இராகுகாலம் தொடங்குமுன் வீட்டை விட்டு இறங்கிவிடவேண்டும் என்று, வேலை தொடங்க வெகுநேரம் முன்னாலேயே போய்ப் பென்ரோஸ் கார் தரிப்பிடத்தில் சும்மா குந்தியிருப்பார். பல்லுப் பிடுங்கப் போனாலும் நேரம் பார்ப்பார். "பல்லுக்கு என்னப்பா இராகு, கேது?" என்று நான் நக்கலடித்தாலும் ஆள் அசையமாட்டார். எங்கள் சமையலறையில் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த நாட்காட்டி தொங்கும். அதில் சனிக்கிழமைக்கு ஒன்பதிலிருந்து பத்தரை என்று போட்டிருந்தது. ஏலம் பதினொன்றுக்கு. அப்பாடா, இராகு அரை மணித்தியாலம் முந்தியே போய்விடுவார் என்று இவர் முகம் தெளிந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா நான்? எங்கள் அலுவலகத்தில் மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். அவளிடம் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இப்ப இங்க கோடைக்கு மணியைத் தள்ளி வச்சிருக்காங்கல்ல? அப்ப ராகுகாலமும் ஒரு மணி நேரம் தள்ளித்தானே வரும்? சூரியனை வச்சுத்தானே அதெல்லாம்?" என்றாள்.

அதை நான் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பகிடியாக அவிழ்த்துவிட்டேன். இவர் சாப்பிட்ட கையோடு எழும்பி நாட்காட்டியடிக்குப் போனார். விரலை மடக்கி மணியைக் கணக்குப் பார்த்தார்.

"அவ சொல்லுறது சரி," என்றார். "பத்தில இருந்து பதினொண்டரை."

"என்னப்பா கதைக்கிறியள்? நியூசிலாந்து அரசாங்கம் மணியைத் தள்ளி வச்சா இராகுவும் கேட்டு நடக்கிறவரோ?"

"சூரியன் தள்ளித்தானே வருது. பதினொண்டரைக்கு முதல் நான் வாய் திறக்கமாட்டன்."

"வீடு போயிடும்!"

"போனா போகட்டும். இராகுகாலத்தில வாங்கின வீடு நிக்காது."

சொன்னால் நம்பமாட்டீர்கள், மூன்று நாள் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்ற எரிச்சல் வேறு. ஏலத்தை அரை மணித்தியாலம் பிந்தி வைக்க முடியுமா என்று வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்டைக் கேட்டேன். பேப்பரில் போட்டாகிவிட்டது, முடியாது என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் புல்லில் நின்று உடுப்பு எடுக்கும்போது பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். அடக்கிவைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. இராகு என்றால் என்ன, ஏன் கூடாது, என் புருஷன் ஏன் இப்படி என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒரு கையில் உள்பாவாடையும் மறுகையில் கிளிப்புமாக, அழுதுகொண்டே சொன்னேன். அந்த அம்மா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் சொல்வதை இடையில் பேசாமல் கேட்டிருப்பார். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்படியென்றால் அரை மணித்தியாலம் போகவேண்டும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றேன்.

"அது ஒரு பெரிய காரியமா?" என்று சொல்லிவிட்டுத் தன் ரோசாவுக்குத் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை நல்ல வெயில். படலையில் ஏலக்காரரின் சிவப்புக் கொடி. அந்த ஊர் வழக்கப்படி வாங்குகிறவர்களைவிட வேடிக்கை பார்ப்பவர்கள்தான் அதிகம். வீதிக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். வீடு என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால்தானே தங்கள் வீட்டின் பெறுமதி தெரியும்! உண்மையாக வாங்க வந்தவர்கள் எங்களைத் தவிர இரண்டு கூட்டம். ஒன்று கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி, கூடவே பெண்ணின் அப்பா. மற்றது அரைக்காற்சட்டை போட்ட ஒரு கட்டடக்காரர். அவர் முந்திய கிழமையும் வீடு பார்க்க என்று வந்தவர். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. பின்வளவைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, வீட்டை இடித்துத் தட்டினால் எத்தனை யூனிட் கட்டலாம் என்று ஏஜென்டிடம் கேட்டதை நான் வெயில் அறையில் நின்று என் காதாலேயே கேட்டேன். அன்றைக்கே அந்த ஆள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

சரியாக ஏலம் தொடங்கும் நேரம் பக்கத்து வீட்டம்மா வந்தார். றப்பர் சப்பாத்து இல்லை. பூப்போட்ட சட்டை, தொப்பி. கையில் ஒரு மடக்குக் கதிரை. அதை ஏலக்காரருக்கு நேர் முன்னால் விரித்து வைத்து அமர்ந்துகொண்டார். வீதிக்காரர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனார்கள்.

ஏலக்காரர் கோட்டும் டையுமாக, கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர்போல ஒரு குரலில் விதிகளை வாசித்தார். வாசித்து முடித்து, "வீட்டைப் பற்றி யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றார். எல்லா ஏலத்திலும் கேட்பதுதான். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டம்மா கையைத் தூக்கினார்.

"இந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள வெயில் அறை எதனால் கட்டியது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கினார். தெரியாது என்றார் ஏலக்காரர். அப்படியானால் சொல்கிறேன் என்றார் அந்த அம்மா. டிராம் ஓட்டுநர் வந்தார், அவர் மனைவி வந்தார், மனைவியின் தங்கை வந்தார், அந்தத் தங்கை ஏன் கலியாணம் கட்டவில்லை என்பதும் வந்தது. புகைக்கூண்டு விழுந்த காற்று வந்தது. பிறகு மலை, கல் வெட்டியது, வெடி வைத்த நாட்களில் அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடியது. ஏலக்காரர் நெற்றியைத் துடைத்தார். "அம்மா, உங்கள் கேள்வி என்ன?" என்றார். "கேள்விக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்," என்றார் அந்த அம்மா, மிகவும் மரியாதையாக. கூட்டத்தில் சிரிப்பு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த அம்மா எதற்காக இப்படிக் கதை அளக்கிறார் என்று அப்போதுதான் இவருக்கு விளங்கியிருக்கவேண்டும். வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தார்.

"என் கேள்வி இதுதான்," என்றார் அந்த அம்மா கடைசியில். "பின்வளவுக்குக் கீழே குகை இருப்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியுமா?"

புல்லில் நின்ற எல்லோரும் காலைப் பார்த்தார்கள்.

அது பொய் இல்லை. அந்தப் பக்கத்து நிலமெல்லாம் எரிமலைக் குழம்பு ஓடிய நிலம். மேல் ஓடு இறுகி, உள்ளே இருந்தது வடிந்துபோய், அங்கங்கே குகை. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வளவில் ஒரு கோழிக்கூடு கோழிகளோடு கீழே இறங்கிய கதையை அந்த அம்மா கை காட்டிக் காட்டிச் சொன்னார். கோழிகள் பிழைத்தனவா என்று யாரோ கேட்க, அது தனிக் கதை என்று அதற்குள்ளும் போனார். பெண்ணின் அப்பா குதிக்காலால் புல்லை இரண்டு தரம் குத்திப் பார்த்தார். மகளிடம் எதையோ குசுகுசுத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூவரும் காருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது. கட்டடக்காரர் மட்டும் அசையவில்லை. சுவிங்கத்தை மென்றபடி நின்றார்.

எதற்கும் ஒரு எல்லை உண்டுதானே? ஏலக்காரர் பொறுமை இழந்து, "நன்றி, மிக்க நன்றி," என்று உரக்கச் சொல்லிக் கையைத் தட்டி ஏலத்தைத் தொடங்கிவிட்டார். இராகு போக இன்னும் நேரம் இருந்தது. கட்டடக்காரர் ஒரு விலை சொன்னார். வங்கி சொன்ன எல்லைக்குக் கீழே, ஆனால் வெகு கீழே இல்லை. ஏலக்காரர் வேறு யார், வேறு யார் என்று கண்ணை ஓட்டினார். பக்கத்து வீட்டம்மா இன்னொரு கேள்விக்குக் கையைத் தூக்கினார்.

"உங்கள் விலையா, அம்மா?" என்றார் ஏலக்காரர்.

இனிக் கையைத் தூக்கினால் வீட்டை வாங்கவேண்டிவரும் என்று உணர்ந்ததும் அந்த அம்மா கையைப் பட்டென்று மடிக்குள் வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

"ஒருதரம்," என்றார் ஏலக்காரர்.

"தூக்குங்கோப்பா கையை," என்றேன் நான்.

"பொறும். இன்னும் பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் ஆர் தரப்போறான்? அங்க பாருங்கோ!"

"இரண்டுதரம்."

இவர் முகம் வெளிறிப்போய்விட்டது. உதடு எதையோ முணுமுணுக்கிறது. கை மட்டும் எழும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் தூக்கிவிடுவேன் என்று பயந்து. அந்தக் கட்டடக்காரர் காரின் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு ஒரு கணம் வெயில் அறை பொடிப்பொடியாக நொறுங்கிக் கிடக்கிற மாதிரித் தெரிந்தது. பிடித்த கையை உதறி விடுவித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலைக்கு மேலால் நீட்டித் தூக்கினேன். விலையையும் கத்தினேன். ஊரில் வகுப்பில் நின்று படிப்பித்த குரல், மலையில் பட்டுத் திரும்பியிருக்கும்.

கட்டடக்காரர் விலையை ஒரு படி கூட்டினார். நான் வங்கி சொன்ன எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினேன். இனி அவர் ஒரு சதம் கூட்டினாலும் நான் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பின்வளவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார், ஏலக்காரரிடம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். கோழிக்கூட்டை நினைத்திருப்பாரோ என்னவோ. ஏலக்காரர் அட்டையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பக்கத்து வீட்டம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுதேன். மகள் மாடு மாதிரிக் கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள்.

சமையலறை மேசையில் கையெழுத்துப் போடும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. "பாருங்கோ, கையெழுத்து நல்ல நேரத்திலதான்," என்று நான் இவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். இவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். ஏலக்காரர் போனதும் எழும்பிப் பின்வாசல் படிக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு நானும் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். வீடு கிடைத்த நாளில் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று போனால், மனிதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

"எங்கட ஊர் வீட்டுக்குக் குறிச்ச நேரத்தை நான் தவறவிட்டிட்டன்," என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்கு விளங்கவில்லை. ஊரில் எங்கள் உழைப்பில் கட்டிய வீட்டுக்குக் குடிபுக நாள் வைத்துத் தந்தது எங்கள் ஒழுங்கையிலேயே இருந்த சாத்திரியார். விடியப்புறம் பால் காய்ச்சவேண்டும் என்று நேரம் குறித்தார். நான் அப்போது மலைநாட்டில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். றெயில் ஓடாமல் வவுனியாவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முறைப்படி முடிந்தது என்றுதான் இவர் சொன்னார். ஜன்னல்கள் நீல நிறத்தில் புதுப் பெயின்ற் மணத்தோடு இருந்தன. எனக்கு நீலம் பிடிக்கும்.

"முதல்நாள் இருட்டும் வரைக்கும் ஜன்னலுக்குப் பெயின்ற் அடிச்சன்," என்றார். "நீர் வரேக்க முடிஞ்சிருக்கவேணும் எண்டு. அடிச்சு முடிய, களைச்சுப்போய் சீமெந்துப் பையில சாஞ்சனான். அப்பிடியே நித்திரையாப் போனன். முழிச்சுப் பாக்க வெயில் ஏறி உள்ள வந்திட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன. அயல் சனம் வரமுதல் முடிக்கவேணும் எண்டு இராகுகாலத்துக்குள்ளதான் பால் காய்ச்சினன். அயலுக்கெல்லாம் விடிய முதலே காய்ச்சிட்டன் எண்டு சொன்னன். உமக்கும் சொல்லேல்லை." தலையிலிருந்து ஒரு கையை எடுத்துப் படியைத் தடவினார். "அதாலதான் அந்த வீடு எங்களுக்கு நிலைக்கேல்லை."

அந்த வீட்டைவிட்டு நாங்கள் கையில் பிள்ளையோடு ஓடினோம். பிறகு ஷெல் விழுந்து கூரை போனது. ஜன்னல் நிலைகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போனதாக அறிந்தோம். அதைக் கேட்ட நாளில் நான் ஒப்பாரி வைத்து அழுதேன், இவர் ஒரு சொல் சொல்லவில்லை. கல் மனசு என்று திட்டியிருக்கிறேன். அந்த மனிதர் அவ்வளவு காலமும், பென்ரோஸில் பெட்டி தூக்கும்போதும் திங்கட்கிழமைகளில் காருக்குள் குந்தியிருக்கும்போதும், ஒரு யுத்தத்தைத் தன் நித்திரையால் வந்தது என்று தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று. பிறகு அழுகை வந்தது. பக்கத்தில் படியில் இருந்தேன்.

"விசரே உங்களுக்கு?" என்றேன். இவர் நிமிரவில்லை.

"எங்களுக்கு நாள் வச்சுத் தந்த சாத்திரியார், தன்ர வீட்டுக்கும் தானே நாள் வச்சவர்?"

"ஓம்."

"அதைப் பிழையா வச்சிருப்பாரோ?"

"அவரோ? மூண்டு பஞ்சாங்கம் பாத்து வச்சவர்."

"இப்ப சாத்திரியாரிட வளவில என்ன நிக்குது?"

இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"கிணத்துக்கட்டு மட்டும் நிக்குதாம்," என்றார்.